மக்கள் வெள்ளம்

ஐப்பசி 18, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. ஒரே நாளில் இரண்டு மேடைகள். முழக்கம் ஓயவில்லை, உடல்தான் ஓய்ந்துவிட்டது.

மகள் எழில் சாப்பிடும்போதும் மடிக்கணினியை மூடவில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் பற்றி மக்கள் சமூக வலைத்தளங்களில் எழுதுவதை வந்து விழ விழத் திரட்டி, எழுதிய இடத்தை நிலப்படத்தில் சிவப்புப் புள்ளியாக்கும் மென்பொருள் அவளுடையது. புள்ளி மிகுந்த இடத்துக்கே மீட்பு வண்டி முதலில் செல்லும்.

"ஜியோடேக்" என்றாள். "இடக்குறி" என்று திருத்தினேன்.

"சரி, இடக்குறி. வூட்டுக்குள்ள தண்ணி வந்தா ஜனங்க என்னன்னு போடுவாங்க, சொல்லு."

"புனல் புகுந்தது."

"அத எழுதி முடிக்கறதுக்குள்ள முழுகிடுவாங்கம்மா."

வெள்ளியன்று வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் அலுவலர்கள் முன் அதன் வெள்ளோட்டம். தேறாவிட்டால் தன் நிறுவனத்தை மூடிவிட்டுப் பெங்களூர் போய்விடுவாளாம்.

ஐப்பசி 21, வெள்ளி

கருமேகத்தையும் மீறித் திடல் நிறைந்தது. "வெள்ளம்! இது மக்கள் வெள்ளம்!" என்று தொடங்கினேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

ஐப்பசி 22, சனி

என்ன செய்துவிட்டேன்?

இளைஞர்கள் என் முழக்கத்தை வெட்டியெடுத்து, "வெள்ளம்!" என்று தலைப்பிட்டு, திடலிலிருந்தே இடக்குறியோடு பதிவிட்டிருக்கிறார்கள். எழிலின் படத்தில் நகரமே சிவந்துபோயிற்று. மீட்பு வண்டி எங்கள் திடலில் வந்து நின்றதாம். நாற்காலி அடுக்கியவர்களிடம் ஓட்டுநர் "தண்ணி எங்கப்பா?" என்று கேட்க, குடிநீர்ப் புட்டியை நீட்டினார்களாம்.

அதே வேளையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பச்சையம்மாள் என்றொரு பெண் எழுதியது: "முட்டி வரைக்கும் தண்ணி. மாமியார் படுத்த படுக்கை. யாராச்சும் வாங்க." அந்த ஒற்றைப் புள்ளி எவர் கண்ணிலும் படவில்லை. அண்டை வீட்டார் தூக்கிச் சென்றதால் மூதாட்டி பிழைத்தார்.

"மக்கள் வெள்ளம் என்று வந்தால் தள்ளிவிடும்படி எழுதேன்" என்றேன்.

"ஒன் ஆளுங்க மக்களை வுட்டுட்டு வெள்ளத்த மட்டும்ல போடறாங்க? அதையே தள்ளிட்டா, நெசமா முழுகறவங்க என்னம்மா பண்ணுவாங்க?"

அவளே தொடர்ந்தாள்:

"அடுத்த வெள்ளி இன்னொரு வாட்டி பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கும் ஒனக்குக் கூட்டம் இருக்கா?"

இருக்கிறது.

ஐப்பசி 25, செவ்வாய்

வெள்ளம் வேண்டாம். கடல்? புயல்? எரிமலை? — இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம் பேரிடர்தானா?

ஐப்பசி 28, வெள்ளி

சென்ற வாரத்தினும் பெருங்கூட்டம். தூறல் வேறு. ஒலிவாங்கியைப் பற்றியதும் அந்தச் சொல் நாநுனி வரை வந்து நின்றது. விழுங்கினேன்.

"நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். நன்றி. அமருங்கள்."

ஒருவரும் கைதட்டவில்லை. பந்தல்மீது மழை விழும் ஓசை கேட்டது.

இறங்கியபோது கூட்டத்தை நடத்திய ராஜமாணிக்கம் குடையோடு ஓடிவந்தார். "உடம்பு சரியில்லீங்களாம்மா? இன்னைக்குக் காரமே கம்மியா இருந்துச்சே."

"தொண்டை" என்றேன்.

வீடு சேருமுன் எழில் தன் நிலப்படத்தை அனுப்பியிருந்தாள். நகரத்தில் ஒன்றுமில்லை. கீழ்பென்னாத்தூரில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்:

"புனல் புகுந்துடுச்சும்மா. வண்டி போயிடுச்சு."