தண்டை பதிந்த கால்

மதினி,

நேற்று மத்தியானம் உங்கள் மருமகன், என் பிள்ளை, உங்கள் கருமாதி முடிந்து ஊரிலிருந்து திரும்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரின் தடம் அப்படியே பதிந்து கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. குனிந்து கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவில்லை.

பஸ்ஸிலும் விமானத்திலும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே வந்ததில் வந்த வீக்கம், காலையில் வடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தவன்தான். தலை பாதி நரைத்துவிட்டது, அவனுக்கும் மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். அவன் சொல்வதை நம்பிவிட்டுப் போக வேண்டியதுதானே? முடியவில்லை. இப்போது விடிந்து வெயிலும் வந்துவிட்டது, அவன் எழுந்திருக்கக் காணோம். இரண்டு தரம் கதவருகில் போய் நின்றுவிட்டு வந்தேன். போர்வையை விலக்கினால் கத்துவான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதம் இனி எந்தக் கப்பலிலும் வந்து சேராது என்பதும் தெரியும்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து காது குத்துக்கென்று வந்தீர்கள். உங்கள் இரண்டு பெண்களையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடுகிறேன் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். கப்பலில் வந்த களைப்போடு எங்கள் தீவில் இறங்கி, டெலானிபூர் மேடேறி எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தவர், பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது வெள்ளித் தண்டையைத்தான். நான் எழுதி அனுப்பியிருந்த அளவுக்குத்தான் தட்டான் செய்திருந்தான். பிள்ளையின் காலில் அது ஏறவில்லை. தேங்காயெண்ணெய் தடவி ஏற்றினீர்கள்.

எல்லோரும் சிரித்தோம். அந்தத் தீவில் அன்றைக்கு அவன்தான் பேர்போன பிள்ளை. குண்டுக் கன்னமும் பானை வயிறுமாக இருப்பான். அடுத்த வீட்டு வங்காளி அம்மாளை நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கித்னா மோட்டா ஹோ கயா!" என்று, பிள்ளை எவ்வளவு குண்டாகிவிட்டது எனத் தினமும் மெச்சுவார். கண் பட்டுவிடும் என்று நான் கன்னத்தில் மை வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அவன் கண் திறக்க முடியாமல் இமை தடித்துக் கிடந்ததைக்கூடத் தூக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சாயங்காலம் தண்டையைக் கழற்றினீர்கள். வளையம் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. விளக்கு வைத்துச் சோறு ஊட்டி முடித்த பிறகும் நின்றது. நீங்கள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டீர்கள். கட்டைவிரலால் அவன் புறங்காலை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஏளா, சதைன்னா எந்திரிக்கணும்லா? இது என்ன மாவு மாதிரி அப்படியே கெடக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. வந்து இறங்கிய அன்றைக்கே என் பிள்ளையைக் குறை சொல்கிறாரே என்று. உங்கள் தம்பியிடம் முணுமுணுத்தும் வைத்தேன். மறுநாள் காலையில் நீங்களே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டீர்கள். நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

டாக்டர் அவன் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு நெருப்பில் காட்டினார். முட்டை வெள்ளை வெந்தது போலத் திரண்டு வந்தது. கிட்னியில் கோளாறு, உடம்பின் சத்து முழுவதும் அதில் போகிறது, பிள்ளை கொழுக்கவில்லை, நீர் கோத்திருக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். உப்பே ஆகாது, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தினமும் காலையில் வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு குழாயையும் ஸ்பிரிட் விளக்கையும் கொடுத்தனுப்பினார். மாத்திரையாலேயே முகம் உருண்டையாகும், அதனால் முகத்தை நம்பாதீர்கள், காலைப் பாருங்கள் என்றும் சொன்னார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகலாம் என்றார். அந்தச் சில வாரங்கள்தான் என்னால் முடியாததாக இருந்தது.

பிள்ளைக்குத் தனியாகச் சமைத்துப் பார்த்தோம். அவனோ தன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எங்கள் தட்டில் கை வைப்பான், பிடுங்கினால் மூச்சடங்க அழுவான். மூன்றாம் நாள் நீங்கள் உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தீதி வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்கள். அன்றிலிருந்து வீட்டுக்கே உப்பில்லை. குழம்பில் இல்லை, மீனில் இல்லை, ஊறுகாயும் போயிற்று. உங்கள் தம்பி ஆபீஸில் வடை தின்றுவிட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகச் சாப்பிட உட்காருவார். நீங்கள் கண்டும் காணாததுபோல் இன்னொரு கரண்டி சோறு வைப்பீர்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, சோறும் இறங்கவில்லை.

காலையில் நீங்கள் அடுக்களையில் விளக்கைப் பற்றவைத்துக் குழாயைக் காய்ச்சுவீர்கள். நான் தொட்டிலருகில் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்தே கேட்பீர்கள், "குழி விழுதா?" விழுது மதினி என்பேன். குழாயும் வெள்ளையாகத்தான் இருக்கும். மழைக்காலம் அது. எதுவும் காயாது, எதுவும் நகராது. நான் வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம், மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, இங்கே உட்கார்ந்து பிள்ளையைச் சாகக் கொடுக்கிறோமே என்று உங்கள் தம்பியை அரித்தெடுத்தேன். கப்பல் பயணம் வேண்டாம், பங்க் கிளாஸின் அடுக்குக் கட்டில் கூட்டத்தில் சளி தொற்றினால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் என் அழுகை தாங்காமல் அவர் டிக்கெட் எடுத்துவிட்டார். அதே கப்பலில்தான் உங்களுக்கும் டிக்கெட்.

புறப்படும் நாள் காலையிலும் நீங்கள் விளக்கைப் பற்றவைத்தீர்கள். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு வந்து, கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியின் மேல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வெளியே ஜீப் காத்திருந்தது.

"கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்குளா. டாக்டர் சொன்ன கெடு இன்னும் முடியல. நீ போணும்னா போ, நானும் இவனும் இங்கதான்."

"இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கள நான் விடமாட்டேன் மதினி."

"விடாத. ஆனா இன்னைக்குப் போவாத."

உங்கள் குரல் நடுங்கியதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கப்பல் ஊதி, ஊதி, போய்விட்டது. உங்கள் பெண்கள் அங்கே ரயில் ஜங்ஷனில் அப்பாவோடு வந்து காத்திருப்பார்கள் என்பதும் என் புத்தியில் ஏறவில்லை. உங்களோடு பேச்சை நிறுத்தினேன். அடுத்து வந்த நாட்களில் உங்கள் கணக்குத் தப்பியிருந்தால் இந்தக் கடிதம் இருக்காது. மன்னித்திருக்கவே மாட்டேன், சத்தியமாக.

பிறகு ஒரு காலையில் தொட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. துணி மாற்ற மாற்ற நனைத்தான். கொடியில் இடமில்லாமல் உங்கள் தம்பியின் குடை மேலெல்லாம் துணி காய்ந்தது. வயிறு வற்றியது, கால் குச்சியானது, முகம் மட்டும் உருண்டையாக நின்றது. வெள்ளித் தண்டை கழன்று கழன்று விழுந்தது. தீதி வேலிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்துப் பதறிப்போய், "க்யா ஹுவா? பீமார் ஹை?" என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்றார். இந்தி தெரியாத நீங்கள் நிமிர்ந்து நின்று, "பீமார் நை. அச்சா ஹோ கயா" என்றீர்கள், சீக்கில்லை, நல்லாகிவிட்டது என்று. அன்றைக்கே தேங்காய்ப்பால் பாயசம் வைத்து, என் மருமகன் இளைத்துவிட்டான் என்று குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் கொடுத்தீர்கள். பிள்ளை இளைத்ததற்குப் பாயசமா என்று எல்லோரும் விழித்தார்கள். நான் அடுக்களையில் உங்கள் தோளில் சாய்ந்து அழுதேன்.

அடுத்த கப்பலில் போனீர்கள். அதற்குப் பிறகும் சில தரம் அவன் வீங்கினான், வடிந்தான். பள்ளிக்கூடம் போகும் வயதில் அது அடியோடு விட்டது. குழாய் உடைந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம், உங்கள் தம்பியும் போய்விட்டார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் எழுந்து வந்து, காப்பித் தம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பேனாவை வைத்துவிட்டுக் குனிந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

"ஊர்லயும் இதே கதைதாம்மா. அத்தையோட சின்ன மக, நான் போய் இறங்குனதும், அத்தனை பேர் முன்னாடி என் கால அமுக்கிப் பாத்தா. 'ஜங்ஷன்ல அன்னைக்கு அம்மா வரலன்னு நான் அழுதது இவனாலதான்'னு சொன்னா. சொல்லிட்டு, 'அம்மா கடைசி நேரத்துல இவன் கால பாக்கச் சொன்னா'ன்னா."

கண்ணீர் மறைத்தது, இருந்தாலும் விரலுக்கு இடம் தெரியும். அழுத்தினேன், எடுத்தேன், பார்த்தேன். மறு காலிலும் அழுத்தினேன்.

குழி விழவில்லை, மதினி.