கணப்புக்கு மேலே இருக்கிற போட்டோ

லூனன்பர்க் வட்டம்,
நோவா ஸ்கோஷியா,
டிசம்பர் 2

அன்புள்ள தங்கை டெனீஸுக்கு,

அக்கா ஆர்லீன் எழுதுகிறேன். இங்கே உன் அத்தான் வெண்டெல், மகள் ட்ரூடி, நான் மூவரும் நலம். வழக்கமாகக் கை தன்பாட்டுக்கு எழுதுகிற 'நலம்' இல்லை இது. போன திங்கட்கிழமைதான் உறுதியானது. உடனே போனை எடுக்காதே, முழுக்கப் படித்துவிட்டு எடு. போனில் சொன்னால் நீ முதல் வரியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். பிறகு நான் உன்னைத் தேற்றிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால்தான் கடிதம்.

விஷயத்தை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். அக்டோபர் கடைசியில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஹாலிஃபாக்ஸுக்குப் போய், ஊசியால் துளி சதை எடுத்து, சோதித்துப் பார்த்தாயிற்று. புற்றுநோய் இல்லை. கெடுதல் செய்யாத கட்டி, கோடையில் ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று அந்த டாக்டரம்மா சொல்லி என் வயிற்றில் பால் வார்த்தார். அவர் மேஜையில் இருந்த மிட்டாயைக் கேட்காமலே எடுத்துத் தின்றேன். அதற்கு முந்தைய நாள் முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இப்போது நீ செப்டம்பரில் கேட்டதற்கு வருகிறேன். "அக்கா, ஒளிக்காம சொல்லு. என் படங்கள்ல எது நல்லா இருக்கு, எது நல்லா இல்ல? சானல்ல எட்டாவது கதை கேக்கறாங்க" என்றாய். ஒவ்வொரு வருடமும் நான் "நல்லா இருந்துச்சு" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுவேன். இந்த வருடம் நீ டிவிக்கு எழுதிய ஏழு படங்களையும், மற்றவர்கள் எழுதிய கிறிஸ்துமஸ் காதல் படங்கள் எத்தனையோ அத்தனையையும், இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு தினமும் பார்த்தேன். பேச எனக்கு உரிமை வந்துவிட்டது.

குறையை முதலில் கேள். உங்கள் பனி, மாவு சலிக்கிற மாதிரி நேராக விழுகிறது. எங்கள் ஊரில் பனி படுக்கைவாட்டில் வந்து காதுக்குள் போகும். நீங்கள் ஜூலை வெயிலில் காகிதப் பனியைத் தூவி எடுக்கிறீர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் பேசும்போது ஒருத்தி வாயிலும் மூச்சுப் புகை வருவதில்லை. காபி கோப்பையை வைத்துக்கொண்டு அவர்கள் கையை வீசிப் பேசுகிற பேச்சைப் பார்த்தால் உள்ளே சொட்டு காபி இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நகரத்திலிருந்து மூன்று நாளைக்கென்று வந்தவளின் சின்னப் பெட்டியிலிருந்து ஒரு கடைக்குக் காணும் கோட்டுகள் வருகின்றன. இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மரத் தோட்டக்காரன் கிறிஸ்துமஸ் வாரத்தில் பனிச்சறுக்கு விளையாடுகிறானே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் மரம் வெட்டும் காலத்தில் வெண்டெல் பல் தேய்த்தாலே பெரிய விஷயம். உன் கதாநாயகன் மரத்தைத் தோளில் தூக்கி வருகிறான், கையில் ஒரு பொட்டுப் பிசின் இல்லை. எங்கள் வீட்டில் வெண்ணெய் தின்பதற்கு வாங்குகிறோமா, கைப் பிசினைத் தேய்த்து எடுக்க வாங்குகிறோமா என்று ட்ரூடி கேட்கிறாள்.

அந்தக் கதாநாயகன் யார் என்று எனக்குத் தெரியாதா? விவாகரத்தாகி நீ எங்களோடு வந்து தங்கிய அந்த டிசம்பரில் வெண்டெலின் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தாய். ஏழு படத்திலும் அதே சட்டை. வெண்டெலுக்கு உள்ளூரப் பெருமைதான். உன் படம் போடுகிற அன்று தலை வாரிக்கொண்டு உட்காருவார். ஆனால் கல்யாணமானவனைக் காதலிக்க அந்தச் சானல் விடாது இல்லையா? அதனால் கதையில் என்னைக் கொன்றாய். ஏழு தடவை. கணப்புக்கு மேலே சட்டம் போட்ட ஒரு போட்டோவில் கோடைக்கால உடுப்போடு, என்னைவிட ஒல்லியாக, நான் சிரித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சர்ச் விருந்தில், "என் தங்கச்சி என்னைக் கொன்னு கொன்னே வான்கூவர்ல வீடு வாங்கிட்டா" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பேன்.

இந்த வருடம் சிரிப்பு வரவில்லை. கட்டி தட்டுப்பட்ட அன்று மாலை டிவியில் உன் மூன்றாவது படம் ஓடியது. அந்தச் சிறுமி, செத்துப்போன அம்மாவின் கண்ணாடிப் பறவையை எடுத்து மரத்தில் மாட்டுகிற கட்டம். நான் சிறுமியையும் பார்க்கவில்லை, நகரத்திலிருந்து வந்தவளையும் பார்க்கவில்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணெதிரே அவள் சமையலறையில் இன்னொருத்தி மாவு பிசைகிறாள். பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியது அவள் தலையெழுத்து. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உன் படத்துப் பெண்குழந்தைகள் அப்பாவுக்கு ஜோடி தேடுகிறார்கள். ட்ரூடிக்குப் பதினைந்து வயது, போனிலிருந்து தலையே தூக்க மாட்டாள். வெண்டெலுக்கு ரத்த அழுத்த மாத்திரையை யார் நினைவுபடுத்துவார்கள்? இப்படியே யோசித்து யோசித்து ஒவ்வொரு மாலையும் அழுதேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மரமெல்லாம் லாரியில் ஏற்றி முடிகிற வரைக்கும் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். எங்கள் வருட வருமானமே அந்த நவம்பரில்தான் அடங்கியிருக்கிறது. சதை எடுக்கிற அன்று, துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வர நினைத்திருந்தேன்.

வழக்கமாகப் படத்தின் பெயர் போடுவதற்குள் வெண்டெல் குறட்டை விடுவார். இந்த வருடம் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். தன் சட்டையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் படத்தையா பார்த்தார், அழுகிற என்னையல்லவா பார்த்திருக்கிறார். அதை வைத்து அவராகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டார்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை நான் சர்ச்சில் மாலை கட்டிவிட்டு வீடு திரும்பினால் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு மண்டபம் நிற்கிறது. உன் படங்களில் கடைசி முத்தத்துக்கென்றே ஊர் நடுவில் ஒன்று கட்டி வைத்திருப்பீர்களே, எட்டு மூலையும் வெள்ளைப் பெயின்ட்டும் விளக்குச் சரமுமாக, அதேதான். எங்களுடையதற்கு ஏழு மூலை. எட்டாவதற்குப் பலகை போதவில்லையாம். பழைய கொட்டகைப் பலகையை உடைத்துக் கட்டியிருக்கிறார். வெட்டிய மரமெல்லாம் தோட்டத்தில் ஏற்றாமல் கிடக்கிறது, இவர் ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார். மூக்கில் விரல் வைத்தேன்.

அது மட்டுமா, எங்களிடம் இருக்கிற சமதளம் அது ஒன்றுதான். பாஸ்டனுக்கு மரம் ஏற்ற வருகிற லாரி அங்கேதான் திரும்ப வேண்டும். வெண்டெல் போன வருட லாரிக்கு அளந்து இடம் விட்டிருந்தார். திங்கட்கிழமை வந்தது அதைவிட நீளமான லாரி. டிரைவர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து, "யாருப்பா இது, லாரி திரும்பற எடத்துல சர்ச் கட்டினது? பாதிரியார் வர்ற வரைக்கும் நான் நிக்கணுமா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஆள் முன்னாலேயே கத்தினேன். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நவம்பர்ல மண்டபம் கட்டற மனுஷன் இந்த ஜில்லாவுல எவனாவது உண்டா?" வெண்டெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "தினமும் அந்தப் படத்தப் பாத்துப் பாத்து அழறியே ஆர்லீன். அந்த மாதிரி ஒண்ணுமே நான் உனக்குச் செஞ்சதில்லையேன்னு தோணுச்சு. டவுன்ல எவனையாவது கட்டியிருக்கலாம்னு நீ நினைக்கறியோன்னு..." என்று இழுத்தார்.

டெனீஸ், நான் அவர் கிட்டே போனேன். "அந்தக் கதாநாயகியப் பாத்து அழல, மனுஷா. போட்டோவுல இருக்கறவளப் பாத்து அழுதேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக் கோட்டுக்கு உள்ளே அந்த இடத்தில் வைத்தேன். அப்போது புரிந்தது.

உன் கதாநாயகர்கள் இந்த இடத்தில் எவ்வளவு பேசுவார்கள்! பனியில் நின்றுகொண்டு, மூச்சு வாங்காமல். வெண்டெல் தொப்பியை மாட்டிக்கொண்டார். டிரைவரிடம் போய், "ரோட்டுல நிறுத்திக்கோ, டிராக்டர்ல கொண்டுவந்து ஏத்தறேன்" என்றார். நேராகக் கொட்டகைக்குப் போய், என் காரைத் தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்திலும் பனியில் வழுக்காத குளிர்கால டயரை மாட்டினார். வழக்கமாக எல்லா லாரியும் போன பிறகுதான் எங்கள் வீட்டுக் கார்களுக்கு அந்த யோகம் வரும். மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "என்னைக்குப் போகணும்? நான் ஓட்டறேன்" என்றார். நான் காரின் மறுபக்கம் போய் நின்று அழுதேன். இது உன் படங்களின் பெரிய குறை, எழுதி வைத்துக்கொள். நீங்கள் டயர் மாட்டுவதைக் காட்டுவதே இல்லை.

நிறையும் சொல்கிறேன். ஊமை மாதிரி இருக்கிற ஒரு மனுஷனை எனக்காகச் சுத்தியலைக் கையில் எடுக்க வைத்தது உன் படம்தான். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னால் முடியாதது அது. இன்னொன்றும் இருக்கிறது, அது நான் கண்டுபிடித்தது இல்லை.

முடிவு சொல்கிற அன்று ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற அறையின் டிவியில் உன் ஐந்தாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது மாற்றச் சொல்லலாமா என்று எழுந்தேன். பக்கத்து நாற்காலிக்காரி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கலைமான் படம் போட்ட துணியைத் தலையில் கட்டியிருந்தாள், முடி இல்லை. பப்னிகோ கடலோரத்து ஃபிரெஞ்சுக்காரி, பெயர் மார்கரிட். "மாத்தாதே கண்ணு. இங்க பாக்கறதுக்கு இத விட்டா வேற படமே கெடையாது. இதுல புதுசா யாரும் சாக மாட்டாங்க. சாக வேண்டியவ படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டா" என்றாள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி. எப்படி முடியும் என்று தெரிந்த ஒன்று, அந்த அறையில் அது மட்டும்தான் இருந்தது. இந்தப் படமெல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது என்று இனி யார் சொன்னாலும், அதற்காகத்தான் பார்க்கிறோம் என்று சொல்.

இதை எழுதியவள் என் தங்கை என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப அந்தப் போட்டோ நீதானா? எங்க வீட்டுக்காரர் சிங்கி இறால் புடிக்கறவர். நான் போட்டோவானா அந்த நாத்தத்துக்கு எந்தச் சிட்டிக்காரி பொட்டியத் தூக்கிட்டு வருவா?" என்று பக்கத்தில் இருந்த அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, அன்று அந்தப் பக்கத்தில் இறால் பருவம் தொடங்குகிற திங்கட்கிழமை. இறால் பிடிக்கிற கூடைகளை இறக்குகிற அந்தக் காலையில் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கிற மீனவனை நான் பார்த்ததே இல்லை. அவர் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் மார்கரிட், "அது சரி, அந்தப் பொண்டாட்டிக்குப் பேரு என்ன? எல்லாப் படத்துலயும் 'அவ இருந்தப்ப'ன்னுதான் சொல்றாங்க, பேரச் சொல்லவே மாட்டேங்கறாங்களே. உன் தங்கச்சியக் கேட்டுச் சொல்லு" என்றாள். ஏழு படத்தையும் யோசித்துப் பார்த்தேன். நீ பெயர் வைக்கவே இல்லை, டெனீஸ்.

உள்ளே போய் நல்ல செய்தியோடு வெளியே வந்தேன். எனக்கு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நீ போட்டோ இல்ல. கெளம்பு, கெளம்பு" என்று கையால் விரட்டினாள். நான் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அடுத்து அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது நல்ல மழை. வெண்டெல் காரை மண்டபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி என்னை உள்ளே கூட்டிப்போனார். கூரை நாலு இடத்தில் ஒழுகியது. "எட்டாவது மூலைக்குப் பலகை வாங்கணும்" என்றார். பிறகு என் தோளில் முகத்தை வைத்து, என் கோட்டு நனைகிற மாதிரி அழுதார். ட்ரூடி சமையலறை ஜன்னலிலிருந்து போனில் எங்களைப் படம் எடுத்து, "ரொம்ப அசிங்கமா இருக்கு ரெண்டு பேரும்" என்று கத்தினாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அன்று இரவு புளிக்க வைத்த முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். உயிரோடு இருப்பது அவ்வளவு ருசியாக இருக்கிறது. உனக்கும் மார்பைப் பரிசோதித்து நாளாகியிருக்கும். இந்த வாரமே போ. சாக்குச் சொன்னால் நானே வந்து இழுத்துப் போவேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடிந்தால் வா, முடியாவிட்டால் எட்டாவது கதையை உட்கார்ந்து எழுது. உன் கை நன்றாக இருக்க வேண்டும், நிறைய எழுத வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். பனி நேராகவே விழட்டும், கோப்பை காலியாகவே இருக்கட்டும், வெண்டெலின் சட்டையையும் வைத்துக்கொள். கதாநாயகனுக்கு ஆள் வேண்டுமானால் அவன் பொண்டாட்டியையே திரும்பக் காதலிக்கட்டும். சானல்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும். நீ சண்டை போடு. இந்த ஒரு தடவை அவளை உயிரோடு வை, டெனீஸ். மார்கரிட் என்று பெயர் வை.

என்றும் அன்புடன்,
உன் அக்கா,
ஆர்லீன்