நேராக்கிய ஹெட்

7-8-2003, வியாழன்

இறப்பதற்கு முன் அப்பா எனக்காகப் பேசிப் பதிந்த கேசட்டில் என்னை வரச் சொன்னாரா, வேண்டாமென்றாரா? எனக்குத் தெரியவில்லை. என் பழைய டேப் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஜோகுபாளையம் மெக்கானிக் நேராக்கித் தந்த பிறகு பாட்டு கேசட்டெல்லாம் தெளிவாகப் பாடுகின்றன. அப்பா மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிறார். "வர" என்பதற்குமேல் கேட்கவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"உங்கப்பா டெக்ல ஹெட்டு கோணலா இருந்திருக்கும் மேடம். நம்மளதையும் அதேமாதிரி கோணலாக்கினாதான் கேக்கும். காலையில வர்றேன்."

எனக்கு நம்பிக்கையில்லை.

வெள்ளி

வந்தார். ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பியதும் அப்பா அறைக்குள் வந்துவிட்டார்.

"வரவாணாம்மா. வந்தா அன்னிக்கே கெளம்பிடறே."

மெக்கானிக் டெக்கைப் பார்த்தபடியே, "மறுபடி நேராக்கிடட்டுமா மேடம்?" என்றார்.

வேண்டாமென்றேன்.