பதினோராம் அத்தியாயத்தில் ஒரு திருத்தம்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

உங்கள் நாவல் போன வாரம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகக் கட்டில் இருந்தது. நீங்கள் அனுப்பவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. முத்திரை குத்தி எண் போடுவது என் வேலை. நாவல் அலமாரியா, பயண நூல் அலமாரியா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும் தலைமை நூலகர், "என்ன சார், சொந்தக்காரர் புஸ்தகமா? தங்கத் தட்டுல வச்சுத் தரணுமா?" என்று கேட்டார். அவர் வாழ்நாளில் முழுசாகப் படித்தது வருகைப் பதிவேடு ஒன்றுதான். நாவல் அலமாரி எண்ணையே போட்டேன்.

வாசகனாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதாநாயகன் ரயிலை விட்டு இறங்கும் ஊரிலெல்லாம் மழை பெய்கிறது. மழை பெய்தால் அவனுக்குத் துக்கம் வருகிறது. எனக்குத் தெரிந்து ஊர் மாறினால் வயிறுதான் கெடும். நான் பயணம் போகாதவன், ஒப்புக்கொள்கிறேன். வெயிலில் பிறந்து, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பனியில் வழுக்கி விழுந்து எழுந்தவர்கள் நாங்கள். நாவல்களிலேயே உலகம் சுற்றியவனை ஏமாற்றுவது கஷ்டம். ஓர் ஊருக்குப் போனவன் அங்கே எதைப் பார்த்தான் என்று சொன்னால் கேட்கலாம். தன்னையே பார்த்துக்கொண்டேன் என்கிறான் உங்கள் ஆள். கண்ணாடி பார்ப்பதற்கு எதற்கு ரயில் டிக்கெட்?

நகரத்தைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். 'ஆயிரம் ஜன்னல்களின் வெளிச்சம்' என்கிறீர்கள். அந்த ஆயிரத்தில் ஒரு ஜன்னலுக்கு உள்ளேதான் என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நாலாவது மாடி. பக்கத்தில் ஒரு கதவு, எதிரில் இரண்டு கதவு. மறுநாள் பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்து வாட்ச்மேன் தட்டினார். நீங்கள் அப்போது எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ எக்ஸ்ரே எந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடிக்க ஓடியவருக்கு வீட்டிலிருந்த நெஞ்சைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இதை அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பதினோராம் அத்தியாயம். கதாநாயகன் வெளியூர் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்கிறான். சட்டைப் பையில் போன் அடிக்கிறது. மனைவி. எடுக்கவில்லை. மூன்று முறை அடிக்கிறது, மூன்று முறையும் எடுக்கவில்லை. மறுநாள் அவள் இறந்த செய்தி வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது நடந்ததா? அன்றைக்கு அவள் உங்களைக் கூப்பிட்டாளா? எத்தனை மணிக்கு? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பு என்னிடம் வாங்கிப் போன நாவலைப் பக்க மூலைகளை மடித்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

அவளுடைய அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள மச்சானுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மாடிக்குப் போகக்கூடப் பொறுமையில்லாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். திட்டுவதற்காகவாவது எழுதினீர்களே, அதுவே போதும். இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ முறை உங்கள் நம்பருக்கு அடித்துப் பார்த்துவிட்டேன், அது உபயோகத்தில் இல்லையாம். இரண்டு தடவை வீட்டு வாசல்வரை வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, நீங்கள் திறக்கவில்லை.

மழை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ரெண்டு ஊரிலாவது வெயில் அடித்திருக்கலாம். ஆனால் அந்த மூலைகளை மடித்தது நானில்லை, உங்கள் தங்கை. அண்ணனுக்குத் தெரிந்தால் வீட்டை இரண்டாக்கிவிடும், நீங்க மடிச்சதாவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன், மன்னிக்கட்டும்.

பதினோராம் அத்தியாயத்தை விட்டுவிடுங்கள் மச்சான். நாவல் நாவல்தானே.

நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அவளுடைய புத்தகங்கள் நீங்கள் கடைசியாகப் பார்த்தபடியே இருக்கின்றன. ஒரே நாவலில் இரண்டு பிரதி வாங்கி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் போனில் படித்துப் பேசிக்கொள்வீர்களே, அவளுடைய பங்குப் பிரதிகளே இரண்டு அலமாரி. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவற்றைத் தொடத் துணிவில்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டில் துணி தைக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். உங்கள் தங்கை இருந்தவரைக்கும் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசுகிறோம். போன மாதம் நான் வெளியூரிலிருந்து திரும்பியபோது லிஃப்ட் அருகே நிறுத்தினார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க ஊர்ல இல்லாத ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல யாரோ வாய்விட்டுப் படிக்கிற சத்தம் கேக்குது. கொஞ்ச நேரம் படிச்சு நிறுத்துது. அந்தப் பக்கம் ஒருத்தர் பதில் சொல்லட்டும்னு காத்திருக்கிற மாதிரி. அப்பறம் மறுபடியும் படிக்குது."

பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல சார். கதை ஒவ்வொரு தடவையும் பாதியிலயே நின்னுடுது. அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

நான் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வெளியூர் வேலை ஒப்புக்கொள்வதில்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் இருக்கும்போது எதுவும் கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றினீர்களா?

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

நாவல் நாவல்தான் என்று ஒரு நூலகனிடம் சொல்கிறீர்கள். முப்பது வருஷமாக நாவல்களுக்கு நடுவில் குப்பை கொட்டுகிறவன் நான். இட்டுக்கட்டிய வரி எது, நடந்ததை எழுதிய வரி எதுவென்று தாளைத் தடவிப் பார்த்தே சொல்லுவேன். உங்கள் மழை இட்டுக்கட்டியது. விடுதி இட்டுக்கட்டியது. அந்த மூன்று அழைப்பு அப்படியல்ல. முதல் இரண்டுக்கும் நடுவில் நாலு நிமிஷம், மூன்றாவதற்கு முன்பு கொஞ்சம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். கதை விடுகிறவன் இப்படி எழுத மாட்டான்.

புத்தகங்களைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்க வேண்டாம். தையல்கார அம்மாவின் காதுக்கு நான் பொறுப்பல்ல. என் வீட்டிலும்தான் போன் அடிக்கிறது. இணைப்பைத் திருப்பிக் கொடுத்து ஐந்து வருஷம் ஆகிறது, கருவி இருந்த முக்காலியில் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வாக்கில் அந்தப் பக்கமிருந்து அடிக்கிறது. நான் அதற்காக உங்களுக்குக் கடிதம் எழுதினேனா?

அவள் உங்களைக் கூப்பிட்டாளா, இல்லையா? கூப்பிட்டாள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வரி எனக்கு வேண்டியிருக்கிறது.

அவளுடைய அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் கேட்ட வரியை எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு நாவல்தான் தோது, கடிதத்தில் வரவில்லை.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. அன்று முழுக்க போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அடிக்கவே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய போனை என் கையில் கொடுத்தார்கள். அதில் பார்த்தேன். நாலு பத்து, நாலு பதினாலு, நாலு இருபத்திரண்டு. மூன்றும் 'அண்ணன்'.

நீங்கள் அன்று கூடத்தில் நின்றுகொண்டு, சாயங்காலம் முழுக்க வெளியே போயிருந்தேன், வீட்டில் இருந்திருந்தால் ரெண்டு பஸ் நிறுத்தம்தானே, ஓடி வந்திருப்பேனே என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதீர்கள். அப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆள் இல்லாத வீட்டில் போன் அடித்தால் யார் என்ன செய்ய முடியும்? உங்களிடம் இதைச் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆனால் நாவல் எழுதும்போது அந்த மூன்று அழைப்பும் போக மறுத்தன. எந்த அத்தியாயத்திலிருந்து துரத்தினாலும் அடுத்ததில் வந்து நின்றன. யாராவது ஒருவன் எடுக்காமல் இருக்க வேண்டியிருந்தது. அது நானாக இருக்கட்டும் என்று வைத்தேன். நான் மட்டும் பக்கத்திலா இருந்தேன்?

இன்னொன்று. நீங்கள் இருவரும் கடைசியாகப் படித்த நாவல் அவள் தலைமாட்டில் அப்படியே இருக்கிறது. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறாள், பாதிகூட வரவில்லை. அந்த வாரம் கண் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு புத்தகத்தையாவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளை,

நான் வீட்டில்தான் இருந்தேன்.

வெளியே போயிருந்ததாக நான் சொன்னதை நம்புகிறேன் என்று எழுதி எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஒரு வாரமாக அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு அதன் வழியாகப் போய்விடலாம். நீங்கள் சாகும்வரை கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. உங்களுக்கு அதன் இந்தப் பகுதி தெரிந்திருக்காது. இருவரில் யார் முதலில் நாவலை முடிக்கிறோமோ, அவர் மற்றவரைக் கூப்பிட்டு, ஹலோகூடச் சொல்லாமல், கடைசி வரியை வாசித்துவிட்டு வைத்துவிட வேண்டும். பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்தது. முக்கால்வாசி அவள்தான் ஜெயிப்பாள். அந்த வரியைக் கேட்ட பிறகு மிச்சத்தைப் படிப்பது ஆறின சோற்றைத் தின்பது மாதிரி இருக்கும்.

அன்றைக்கு எனக்கு இருபத்திரண்டு பக்கம் பாக்கி. போன் அடித்தது. முடித்துவிட்டாள் கழுதை, வாசித்துக் காட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தேன், மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். இரண்டாம் தடவை அடித்தபோது கட்டிலிலிருந்து தலையணையை எடுத்து போன்மேல் வைத்தேன். மூன்றாவது தடவை தலையணைக்கு அடியிலிருந்து அடித்தது. இந்த முறை நான்தான் ஜெயிக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

நாவலை முடித்தேன். நல்ல முடிவு. எழுந்துபோய் ஜன்னலருகே நின்று அதை நினைத்து ரசித்தேன். ஏழு மணிக்கு நான் கூப்பிட்டேன், கடைசி வரியைத் தயாராக வைத்துக்கொண்டு. அவள் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டாள், கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து எந்த நாவலையும் என்னால் முடிக்க முடியவில்லை. முடிவு நெருங்கினால் முக்காலிப் பக்கத்தில் சத்தம் கேட்கிறது, மூடிவிடுகிறேன். உங்களுடையதையும் கடைசிவரை படிக்கவில்லை. விமர்சனம் மட்டும் எழுதிவிட்டேன்.

இத்தனை நாளும் ஒரு ஆறுதல் இருந்தது. அவள் உண்மையிலேயே முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருப்பாள், முதல் அழைப்பு விளையாட்டாகத்தான் இருந்திருக்கும், வலி அதற்குப் பிறகு வந்திருக்கும் என்று. நூற்றுப் பதினெட்டு என்று ஒரு எண்ணை எழுதி அதையும் எடுத்துவிட்டீர்கள். நீங்கள் அறியாமல் செய்தது. அவள் முதல் தடவையே என்னை வரச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

உங்கள்மேல் ஆறு வருஷமாக நான் வைத்திருந்த கோபத்தில் ஒரு துளிகூட உங்களுடையது இல்லை. வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது, நீங்கள் ஊரில் இல்லாதது வசதியாகப் போயிற்று. நாவலைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்கூட அல்ல. சந்தோஷம். உங்களையும் கூப்பிட்டிருக்கிறாள், நீங்களும் எடுக்கவில்லை, நான் தனியாக இல்லை என்று. அந்தச் சந்தோஷத்தை உறுதி செய்துகொள்ளத்தான் உங்களைப் படுத்தி எடுத்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, அவள். ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். அடுத்த பதிப்பு வந்தால் பதினோராம் அத்தியாயத்தை மாற்றுங்கள். விடுதி வேண்டாம், மழை வேண்டாம். ரெண்டு நிறுத்தம் தள்ளி ஒரு வீடு. நல்ல வெயில் அடிக்கிற மாலை. ஒருவன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருக்கிறான். அவனைக் கணவன் என்று எழுதாதீர்கள். அவள் கடைசியாகக் கூப்பிட்டது என்னை. மூன்று தடவையும் என்னைத்தான். அதை நீங்கள் எடுத்துக்கொள்ள நான் விட மாட்டேன்.

இதன் கீழே வழக்கமாக எழுதுகிற இரண்டு சொற்களை எழுதிப் பார்த்தேன். முதல் சொல்லோடு கை நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எழுதி இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். இப்போதும் வரவில்லை. கையெழுத்து இல்லாமலே இதை மடித்து, ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வரப்போகிறேன்.