ராசு காதோடு சொன்ன அடுத்த அடி

என் ஆசை மாப்ள ராசு,

போன வெள்ளிக்கிழமை ரேடியோவில் உன் பாட்டைப் பாடினேன். பாடினேன் என்று சொல்லவே வாய் கூசுகிறது.

நம் நாட்டுப்பாட்டு நிகழ்ச்சிக்கு ஒரு காலம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இந்த அரபு நாட்டில், நம் முவைலா தொழிலாளர் கேம்பில் லீவு நாள் காலையில் துணி துவைக்கிறவன்கூடக் குழாயை மூடிவிட்டுக் கேட்பான். சைட்டில் சாரம் கட்டுகிற நாம் இரண்டு பேரும் ஸ்டூடியோவில் ஒரே மைக்கில் நிற்போம். நான் முன்பாட்டு, நீ பின்பாட்டு. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் நான் இழுக்கிற இழுவைக்கு ஜனம் கிறங்கிப்போகும். எனக்கு அடுத்த அடி தெரியாது, நீ காதோடு சொல்கிற வரைக்கும்தான் இழுக்கிறேன் என்று நம் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்? பாட்டு அத்தனையும் நீ கட்டியது, பேரு மட்டும் எனக்கு. உனக்கு அதில் வருத்தம் இருந்ததா மாப்ள? ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

நீ சைட்டில் மயங்கி விழுந்து, பெட்டியில் ஊருக்குப் போன பிறகு உன் பொண்டாட்டி வள்ளி போன் பண்ணினாள். "அண்ணே, அவரு எனக்காகக் கட்டுன பாட்டை ரேடியோவுல ஒருவாட்டி பாடுங்கண்ணே. இங்க போனுல கேப்பேன்." மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

"லீவு வந்தா வாரேன் புள்ள, வாசலைப் பாத்திரு" என்று எடுத்தேன். இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். காதுப் பக்கம் யாரும் இல்லை. அறிவிப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நண்பரை நெனச்சு அண்ணனுக்குத் தொண்டை அடைச்சிருச்சு" என்று மைக்கில் சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். ரூமுக்கு வந்தால் ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கிறார்கள். "நட்புன்னா இதுதான்யா!" பக்கத்து ரூம் பாகிஸ்தான்காரப் பட்டான்கூட, "ரோனா நஹி பாய்", அழாதே தம்பி என்று தோளைத் தட்டினார். தூ, என்ன பிழைப்பு இது! வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வள்ளி கூப்பிட்டாள். "அடி மறந்துபோச்சாண்ணே?"

போனை எடுத்துக்கொண்டு ரூமுக்கு வெளியே வந்துவிட்டேன்.

"அவரு சொல்லாம உங்களுக்கு வராதுன்னு தெரியும்ணே. லீவுல வந்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." பிறகு அவளே மெதுவாகப் பாடினாள்: "கறுத்துத்தான் வருவேன் புள்ள, அடையாளம் கண்டுக்கோ."

"பெட்டியைத் தொறந்தப்ப அந்த அடியத்தாண்ணே நெனச்சேன்" என்றாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன் மாப்ள. பாட்டெல்லாம் உன்னுடையது, அன்றைக்கு எனக்கு வந்தது அழுகை இல்லை, மறதி என்று அதே மைக்கில் சொல்லிவிடுகிறேன். வள்ளி ஊரிலிருந்து போனில் அடியெடுத்துப் பாடுவாள். நான் அவளுக்குப் பின்னால் பாடுவேன். இது சத்தியம்.

இனிமேல் பின்பாட்டுக்காரனான
உன் மச்சான்
செல்லையா