சண்டை வடிவமைப்பு: உட்சுகி சிஹாரு

சகாதா,
நவம்பர் கடைசி வாரம்

அன்பு மகள் சிஹாருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது, நீயும் ஓசாகாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். அப்பா ஊறுகாய்க்கென்று முள்ளங்கியைக் கயிற்றில் கட்டி மாடி முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார், அந்த வாடை கீழே வெளுத்து வைத்த துணியில் ஏறாமல் இருக்க நான் படும் பாடு சொல்லி முடியாது. நாங்கள் செய்த புது வீடியோ ஆட்டத்தை எல்லோரும் திட்டுகிறார்கள், வேலையை விடப்போகிறேன், புத்தாண்டுக்கும் வரமாட்டேன், ஊரில் எந்த முகத்தோடு நடப்பது என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். உடனே பதில் எழுதினால் அழுது கொட்டிவிடுவேன் என்று ஆறப்போட்டேன்.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், புது ஆட்டத்தில் நீ அமைத்த சண்டை எனக்கும் பிடிக்கவில்லை. முந்தைய பாகங்களில் எல்லாம் நான் என்ன செய்வதென்று சொல்லும்வரை எதிரி காத்துக்கொண்டிருப்பான். சலவைக்கு வந்தவரிடம் சட்டையை வாங்கி, கறையைப் பார்த்து, ரசீது எழுதிக் கொடுத்து, அப்பாவுக்குத் தேநீரும் ஊற்றிவிட்டு வந்தாலும் அந்த டிராகன் மரியாதையாக அதே இடத்தில் நிற்கும். இப்போது ரசீது கிழிப்பதற்குள் நம் ஆட்கள் அத்தனை பேரும் செத்துக் கிடக்கிறார்கள். நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, கடை மணி அடிக்கிற அவசரத்தில் என் மூட்டு பிடித்த விரலுக்கு அது அகப்பட வேண்டுமே. முன்பெல்லாம் யோசித்து ஆடினேன், இப்போது ஓடி ஒளிந்து ஆடுகிறேன், அவ்வளவுதான் என் குறை.

பேருந்து ஓட்டும் ஓனுமாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகுதான் நம் கடையில் சீருடை வெளுக்கப் போடுகிறார். நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, பள்ளி நாளிலிருந்து இந்த ஆட்டம்தான் அவருக்கு உயிர். உங்கள் நிறுவனத்தை இணையத்தில் திட்டுகிறவர்களில் அவரும் ஒரு பெரிய ஆள். சண்டையை இப்படிக் கெடுத்தவன் எவனோ அவனை வெளியே தூக்கிப் போட வேண்டும் என்று எழுதி, அதற்கு ஊர்ப்பட்ட பேர் கைதட்டியதைப் போனில் என்னிடமே காட்டிப் பூரித்துப் போனார். நான் அவருடைய பேன்ட்டில் இரட்டை மடிப்பு விழும்படி இஸ்திரி போட்டு வைத்தேன். சலவைக்காரிக்கு இதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை கிடையாது. அப்பா கண்டுபிடித்துவிட்டார், நீராவி காட்டி மடிப்பை எடுத்து வைத்தார்.

போன சனிக்கிழமை மத்தியானம் நான் ஆட்டத்தின் கடைசி எதிரியான அரசனிடம் அடிவாங்கிச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோது ஓனுமா சீருடை வாங்க வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார், தாங்க முடியவில்லை, கல்லாவைச் சுற்றி உள்ளே வந்து கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கி இஸ்திரி முக்காலியில் உட்கார்ந்தார். இதை முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். மூன்றாம் நாளே வெறுத்துப்போய்த் தூக்கி வைத்தாராம். எழுதியது மட்டும் முழு ஆட்டத்தையும் பற்றி. முதலில் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார், பிறகு முணுமுணுப்பு நின்றது, அரசன் வாளை வீசும் பக்கமெல்லாம் அவர் தோளும் சாய்ந்தது. ஜெயித்தபோது மூச்சை விட்ட விதத்தைப் பார்த்தால் இத்தனை நாள் திட்டியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதன் பிறகு ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடின. எவ்வளவு திட்டினாலும் பெயர்கள் முடியும்வரை எழுந்திருக்காத சாதி இந்த ஆட்டப் பைத்தியங்கள், உனக்கே தெரியும். ஓனுமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். சண்டை வடிவமைப்பு என்று வந்தது, உன் பெயர் வந்தது, மேலே போய்விட்டது. நம் குடும்பப் பெயர் இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? அவர் திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும் அவங்க?" என்றார். "என் பொண்ணு. வெளிய தூக்கிப் போடச் சொன்னீங்களே, அவதான்" என்றேன். கல்லாவில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்து வணங்கினார், சீருடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

மறுநாள் பேருந்தில் போக உடுப்பு வேண்டுமே, காலையிலேயே வந்து நின்றார். மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். "சண்டை எனக்கு இன்னும் பிடிக்கலைம்மா, அதைச் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பேன். ஆளைப் போகச் சொன்னதை மட்டும் அழிச்சிட்டேன். அவங்களும் போயிட்டா நான் யார்கிட்ட சொல்றது?" என்றார். எனக்கு அது மன்னிப்பைவிட நன்றாக இருந்தது.

நீ வேலையை விடுவதானால் விடு, அரிசி அனுப்ப நாங்கள் இருக்கிறோம். ஆனால் உனக்கு அந்த வேலை அலுத்துப்போய் விடு, ஆடுகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக விடாதே. புத்தாண்டுக்கு வா, தெருவில் தலை நிமிர்ந்து நட, யாராவது முகத்துக்கு நேரே குறை சொன்னால் நின்று கேள், அதில் பாதி சரியாகத்தான் இருக்கும். ஓசாகாவின் ஈரக் குளிர் பொல்லாதது, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். அப்பா தன் ஆசியைச் சொல்லச் சொன்னார், என் ஆசி எப்போதும் உன்னோடுதான் இருக்கிறது.

மறந்துவிடாமல் ஒன்று சொல்ல வேண்டும். உன் பெயர் ஓடிய வேகத்தில் அம்மாவால் கண்ணாரப் பார்க்க முடியவில்லை. அதனால் ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா
நோபுயே