நீங்கள் தடவிப் பார்த்த எலும்பு

அத்தை,

இன்று காலை என் மருமகள் பரணிலிருந்து அந்தத் தேவதாரு மரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்ததும் அதே வாசனை. "மூடுடி அதை" என்று கத்திவிட்டேன். "மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்த பெட்டி. இதுல சரிகை வெச்சா நல்லதுதானே அத்தை?" என்றாள்.

சண்டைக் காலத்தில் பட்டு வராமல் தறி சும்மா கிடந்தது. "பொண்டாட்டி முந்தானையில உக்காந்துக்கினு இருக்காதடா. ஆம்பளயா போய்ப் பொழ" என்றீர்கள். மூன்றாம் நாள் உங்கள் மகன் பட்டாளத்தில் சேர்ந்தார். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்தச் சொல்லை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் செத்த பிறகும் மன்னிக்கவில்லை.

பட்டாளத்திலிருந்து வந்த தாளில் 'காணவில்லை' என்றுதான் இருந்தது. ஊரே காரியம் செய்யச் சொன்னபோதும் நீங்கள் விடவில்லை. வெள்ளிதோறும் என் தலையில் பூவை வைத்தீர்கள். ஐயம்பேட்டையில் என் அம்மா சாகக் கிடந்தபோது இரண்டு நாள் தங்க விட்டீர்களா? "அவன் வந்தா கதவ யாருடி தொறப்பா?" என்றீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கதவுக்கு நான் காவல்.

பிறகு பெட்டி வந்தது. பர்மா எல்லைக் காட்டில் பாதை போட வெட்டியபோது கிடைத்த எலும்புகள். கூட ஒரு கரண்டி. அதன் பின்னால் குத்திய பட்டாள எண்ணில் பாதி அரித்துப்போயிருந்தது. ராணுவத்திலிருந்து வந்தவர் தறிக்கூடத்தில் பெட்டியை வைத்து, "இந்த நம்பர் ரெண்டு பேருக்குப் பொருந்துதும்மா. இன்னொருத்தர் வீடு எங்கன்னு தெரியல. உங்களுக்கு ஏதாச்சும் அடையாளம் தெரியுதா, பாருங்க" என்றார்.

அடையாளம் நம் இருவருக்கும் தெரியும். சிறு வயதில் உங்கள் மகன் தறிக் குழியில் விழுந்து இடது கால் முறிந்தது. நீங்கள்தான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினீர்கள். கோணலாகச் சேர்ந்து, முழங்காலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு புடைப்பு. எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் தட்டும்.

இரண்டு கால் எலும்புகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் நேராக, வழவழப்பாக இருந்தன.

"சொல்லும்மா, அப்பாதானா?" என்றான் என் மகன். அப்பன் முகம் பார்க்காதவன். பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் எலும்பைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? இங்க குடு" என்றீர்கள். கண்ணில் புரை விழுந்த காலம் அது. ஆனால் ஓர் இழை அறுந்தாலும் தொட்டே கண்டுபிடிக்கிற விரல்கள் உங்களுடையவை. முழங்காலுக்குக் கீழே தடவினீர்கள். அடுத்த எலும்பையும் வாங்கித் தடவினீர்கள். மறுபடியும் முதல் எலும்பு. பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு, "என் புள்ளதான். எழுதிக்கோபா" என்றீர்கள்.

'இல்லை' என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். மகனைப் பார்த்தேன், போட்டேன். உங்களுக்காகப் போட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

எரித்த சாம்பலை மகன் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றில் கரைத்தான். தண்ணீர் கணுக்கால் அளவுதான். போகாமல் அங்கேயே சுற்றியது. பத்தாம் நாள் என் தாலியைக் கழற்றினார்கள். அன்று சாயங்காலம் அடுப்பங்கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டீர்கள்: "அந்த இன்னொருத்தனப் பெத்தவ உசிரோட இருப்பாளாடி?"

எனக்குப் புரிந்தது. உங்கள் கையைப் பிடித்து நானும் அழுதிருக்கலாம். ஆனால் முந்தானைப் பேச்சு நெஞ்சில் முள்ளாக நின்றது. "எந்த இன்னொருத்தன்?" என்று கேட்டுவிட்டு உலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். சாகிறவரை நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அந்த உண்மையை நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன். அமாவாசைதோறும் மகன் அப்பன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறான். ஊரும் பேரும் தெரியாத அந்தப் பிள்ளையை நான் வாய்க்குள் கூப்பிடுகிறேன், 'ஐயா, நீயும் வாங்கிக்கோ' என்று. என்றைக்காவது அவனைப் பெற்றவள் தேடி வந்தால் கூட்டிப்போய்ப் பாலாற்றைக் காட்டுவேன், காலில் விழுவேன். அதற்கு நான் துணிந்துவிட்டேன்.

உங்கள் மகன் வந்து நின்றால்? இந்த வெறுங்கழுத்தோடு நான் எப்படிக் கதவைத் திறப்பது, அத்தை?